நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் ஷூட்டிங் கேமுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரங்களின் பாணியில் வந்த ஒரு இண்டி, அதாவது சின்னக் குழு செய்த, ஷூட்டிங் கேமை வாங்கினீர்கள். பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து, சாகச் சாக, விட்ட இடத்திலிருந்து தொடர விடும் கண்டினியூவை அழுத்தி, நாற்பது நிமிடத்தில் கடைசி பாஸ் என்ற பெரிய எதிரியையும் அடித்து முடித்துவிட்டீர்கள். கொடுத்த வெள்ளிக்கு இவ்வளவுதானா என்று மனசு ஆறவில்லை. உங்கள் மச்சான் ‘ஒரே கிரெடிட்டில் முடித்துப் பார்’, அதாவது கண்டினியூ அழுத்தாமல் முடித்துப் பார் என்று சொல்ல, முயன்றால் மூன்றாவது ஸ்டேஜைத் தாண்ட முடியவில்லை. திரை முழுக்கத் தோட்டா, எங்கே ஒதுங்குவது என்றே தெரியவில்லை. இது ஏமாற்று வேலையா, உங்கள் கைக்கு வேகம் போதவில்லையா, ஆர்கேட் ஸ்டிக் வாங்கினால் சரியாகுமா, அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்று வேலை இல்லை. கை வேகமும் பிரச்சினை இல்லை. உங்கள் மச்சான் சொன்னதுதான் உண்மையான ஆட்டம். நீங்கள் நாற்பது நிமிடத்தில் பார்த்தது அந்த ஆட்டத்தின் பாதையை மட்டும்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஆர்கேட் ஷூட்டிங் கேம்கள் எல்லாமே குட்டைதான். ஒரு சுற்று பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரே ஆள் ஒரு டோக்கனைப் போட்டுவிட்டு இயந்திரத்தை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டால் கடைக்காரருக்கு வருமானம் இல்லை, அதனால் வந்த நீளம் இது. 90களில் கோலாலம்பூரில் பேரங்காடிகளின் மேல்மாடிக் கடைகளில் ஆடியவர்களைக் கேளுங்கள், பினாங்கில் கொம்தார் பக்கம் சுற்றியவர்களைக் கேளுங்கள். 1990ல் வந்த ரைடன் என்ற விமானச் சண்டை இயந்திரத்துக்கு முன்னால் நின்ற நினைவு நிறையப் பேருக்கு இருக்கும், சிவப்புத் துப்பாக்கியா நீல லேசரா என்ற சண்டை உட்பட. அந்த இயந்திரங்களின் உள்ளே இருக்கும் போர்டில் வரிசையாகக் குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருக்கும். எத்தனை உயிர் தருவது, எவ்வளவு கடினமாக வைப்பது, கண்டினியூ விடலாமா கூடாதா என்பதையெல்லாம் கடைக்காரரே அதில் மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு கடையில் நன்றாகப் போன அதே ரைடன் இன்னொரு கடையில் இரண்டாவது ஸ்டேஜிலேயே ஆளைத் தூக்கி வெளியே போட்டதென்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த சுவிட்சுகள்தான்.

ஆக, கண்டினியூ என்பது இன்னொரு டோக்கன் வாங்குவதற்கான வழி. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது ஒரே டோக்கனில் கடைசி வரை போகும் ஆளை. அப்படி ஒருவர் ஆடும்போது பின்னால் கூட்டம் சேர்ந்துவிடும், யாரும் பேச மாட்டார்கள். இன்றைய இண்டி ஆட்கள் டோக்கனைத் தூக்கி எறிந்துவிட்டார்கள், ஆனால் அந்த நீளத்தை விடவில்லை. ஏனென்றால் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கி ஆடுவதற்கு அந்த நீளம்தான் தோது. நாலு நிமிடப் பாட்டு ஒன்றைக் கீபோர்டில் வாசிக்கக் கற்றுக்கொள்பவர் பாட்டு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று வருத்தப்படுவதில்லை, இதையும் அப்படிப் பாருங்கள். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவருக்கு இது உண்மையில் வசதியும்கூட. தூங்கப் போவதற்கு முன் ஒரு முழு சுற்று ஆடி முடித்துவிடலாம்.

இந்த வகைக் கேம்களைப் பிக்சல் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பழைய பாணி என்று போட்டு விற்பவர்களில் பாதிப்பேர் படத்தை மட்டும் பழசாக்கியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது, நீங்கள் செத்தால் ஆட்டம் என்ன செய்கிறது என்பதை. 1985ல் கொனாமி வெளியிட்ட கிரேடியஸில் ஒரு முறை செத்தால் சேர்த்து வைத்த சக்தி எல்லாம் போய், வெறும் விண்கப்பலோடு பின்னால் ஒரு இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து மீண்டு வருவது புதிதாகத் தொடங்குவதைவிடக் கஷ்டம். அந்தக் காலத்து ரசிகர்கள் அதையும் ஒரு கலையாகவே கற்றுக்கொண்டார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த லொகோமாலிட்டோ 2010ல் இலவசமாக வெளியிட்ட ஹைடோரா அந்தக் கிரேடியஸ் மரபில் வந்தது. கடினம்தான், ஆனால் சாகும் ஒவ்வொரு தடவையும் எதனால் செத்தோம் என்று தெளிவாகத் தெரியும். அதன் விரிவான பதிப்பு சூப்பர் ஹைடோரா 2017ல் வந்தது.

ஃபின்லாந்தில் இரண்டு பேர் சேர்ந்து சிஸ்டம் எரேஷர் என்ற பெயரில் செய்த ஸீரோரேஞ்சர் (2018) வேறு வழியில் போகிறது. பச்சையும் ஆரஞ்சுமாக விரல்விட்டு எண்ணக்கூடிய வண்ணங்களை வைத்தே முழு ஆட்டத்தையும் வரைந்திருக்கிறார்கள். அதில் கண்டினியூவை நீங்கள் சம்பாதிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கும் புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து, அடுத்தடுத்த சுற்றுகளுக்குக் கண்டினியூவாக மாறும். அதாவது தோற்ற சுற்றுகூட வீணாகாது, அதே சமயம் முதல் நாளே கடைசி வரை அழுத்திக்கொண்டே போகவும் முடியாது. உங்களுக்கு நடந்தது அங்கே நடக்காது. இதைத்தான் நல்ல வடிவமைப்பு என்கிறேன். அந்தக் கேமின் முடிவைப் பற்றி இணையத்தில் தேடிப் படிக்காதீர்கள், தெரியாமல் போய்ச் சேர்வதுதான் நல்லது.

சரி, இப்போது மூன்றாவது ஸ்டேஜுக்கு வருவோம். திரை முழுக்கத் தோட்டா என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பாணி பெரிதாகக் கிளம்பியது டோவாப்ளான் நிறுவனத்தின் பாட்ஸுகன் (1993) காலத்தில். அந்த நிறுவனம் 1994ல் திவாலானதும் அங்கிருந்தவர்கள் பிரிந்து போனார்கள், அப்படி உருவானவற்றில் ஒன்றுதான் கேவ். 1995ல் தோன்பாச்சி, 1997ல் தோதோன்பாச்சி என்று அவர்கள் தோட்டா மழையை ஒரு தனி வகையாகவே ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு தோட்டாவுக்கு நடுவில் ஆட முடிவதற்கு ஒரு அடிப்படைக் காரணம் உண்டு: உங்கள் கப்பல் முழுவதும் அடிபடாது. கப்பலின் நடுவில் ஓரிரு பிக்சல் அல்லது சில பிக்சல் அளவுக்கு ஒரு புள்ளி இருக்கும், அதில் தோட்டா பட்டால்தான் சாவு. இறக்கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. நிறைய இண்டி கேம்களில் மெதுவாக நகரும் பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்தப் புள்ளி திரையில் தெரியும். அமைப்புகளில் எப்போதும் தெரியும்படி வைக்கவும் வழி இருக்கலாம், தேடிப் பாருங்கள். முதல் வேலை, கண்ணைக் கப்பலிலிருந்து எடுத்து அந்தப் புள்ளியில் வைப்பது. அதைச் செய்தவுடனேயே போக முடியாது என்று நினைத்த இடைவெளிகளில் பாதி, போகக்கூடியவையாக மாறிவிடும்.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். தோட்டாக்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒரு வகை உங்களைக் குறிபார்த்து வரும். சுடும் அந்த நொடியில் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அந்த இடத்துக்கு வரும், அவ்வளவுதான். பாதி வழியில் திரும்பாது. இன்னொரு வகை நீங்கள் எங்கே இருந்தாலும் கவலைப்படாமல் ஒரே கோணங்களில் விசிறியாகவோ வட்டமாகவோ விரியும். மூன்றாவது வகை கண்டபடி சிதறும். புதியவர்கள் மூன்றையும் ஒரே மாதிரி விலக்கப் பார்க்கிறார்கள், பதறி இடமும் வலமும் ஓடுகிறார்கள், அங்கேதான் சாகிறார்கள்.

குறிபார்த்து வரும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் மேலே ஒரு பீரங்கி தொடர்ந்து உங்களை நோக்கிச் சுடுகிறது. நீங்கள் இடது மூலையில் இருக்கிறீர்கள். பட்டனை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி, ஒரு கப்பல் அகலத்துக்கும் குறைவாக வலது பக்கம் நகருங்கள். ஒவ்வொரு தோட்டாவும் நீங்கள் ஒரு கணம் முன்னால் இருந்த இடத்துக்குப் போய் உங்கள் இடது பக்கமாகக் கடந்துபோகும். இப்படியே மெதுவாக வலது மூலை வரை போய்விடலாம், ஒன்றும் ஆகாது. பிரச்சினை மூலைக்குப் போனதும்தான் வரும். திரும்பி இடது பக்கம் போக வேண்டும், ஆனால் நீங்கள் இழுத்துக்கொண்டு வந்த தோட்டா வரிசை அங்கே சுவராக நிற்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூலைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, சட்டென்று ஒரு பெரிய தாவலாக வலது பக்கம் விலகுங்கள். பீரங்கி உங்களைத் தொடர்ந்து குறிவைப்பதால் வரிசையின் நடுவில் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளி கீழே இறங்கி வரும்போது அதன் வழியாக இடது பக்கம் நுழைந்து, மறுபடியும் மெதுவாகத் தட்டித் தட்டி நகரத் தொடங்குங்கள். முதல் ஸ்டேஜில் ஒரே ஒரு பீரங்கியைக் கொல்லாமல் விட்டுவைத்து இதைப் பழகிப் பாருங்கள். கை தானாகச் செய்யத் தொடங்கியதும் ஆட்டமே வேறு மாதிரி தெரியும், ஏனென்றால் அப்போது தோட்டா எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள்.

விசிறியாக விரியும் வகைக்கு நேர் எதிரான வைத்தியம். அங்கே அசையாமல் நிற்பதுதான் பாதுகாப்பு. ஒரே இடத்தில் இடைவெளி வரும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரும். சில பாஸ்கள் இரண்டையும் கலந்து விடுவார்கள்: அசையாத விசிறி ஒன்று உங்களை அடைத்துப் பிடிக்கும், அதே நேரத்தில் குறிபார்த்து வரும் தோட்டா ஒன்று உங்களை நகரச் சொல்லும். மூன்றாவது ஸ்டேஜில் நீங்கள் மாட்டுவது இந்தக் கலவையில்தான் என்று சந்தேகப்படுகிறேன், பொதுவாக அந்த இடத்தில்தான் வடிவமைப்பாளர்கள் முதல் தடவையாக இரண்டையும் சேர்ப்பார்கள். இதில் முதலில் விசிறியைப் பாருங்கள், அதில் எந்தச் சந்தில் நிற்கப் போகிறோம் என்று முடிவெடுங்கள், அந்தச் சந்துக்குள்ளேயே ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்னதாகத் தட்டி நகருங்கள். சிதறும் வகைக்கு மட்டும்தான் உண்மையிலேயே கண்ணும் கையும் வேகமாக வேண்டும், அதுவும் நல்ல கேம்களில் குறைவாகவே வரும்.

இன்னொரு விஷயம், தோட்டாவை விலக்குவதைவிடத் தோட்டா வராமல் செய்வது மேல். எந்த எதிரி எப்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பது ஒவ்வொரு தடவையும் மாறாமல் இருக்கும். அவன் வரும் முன்பே அங்கே போய் நின்றால் சுடுவதற்கு முன்பே முடித்துவிடலாம். திரையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு இது கிடைக்காது. அப்புறம், நிறையக் கேம்களில் நீங்கள் பக்கத்தில் ஒட்டி நின்றால் டாங்கி மாதிரித் தரையிலிருக்கும் எதிரிகள் சுடவே மாட்டார்கள். இது பழைய ஆர்கேட் பழக்கம், இண்டி ஆட்களும் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கப் பயங்கரமாக இருக்கும் ஒரு டாங்கிக் கூட்டம், நடுவில் இறங்கி நின்றால் வாயடைத்துப் போய்விடும்.

பாமைப் பற்றி, அதாவது திரையிலிருக்கும் தோட்டாக்களைத் துடைத்தெடுக்கும் அந்தச் சில அவசர ஆயுதங்களைப் பற்றி, ஒரே வார்த்தை. கையில் பாமை வைத்துக்கொண்டு சாகாதீர்கள். கடைசி பாஸுக்கு என்று சேர்த்து வைக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசி பாஸைப் பார்ப்பதே இல்லை. ‘இந்த இடத்தில் எனக்கு வராது’ என்று தெரிந்த இரண்டு மூன்று இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அங்கே வந்ததும் யோசிக்காமல் அழுத்துங்கள்.

பழகும் முறையும் அப்படித்தான். உங்கள் கேமில் ஸ்டேஜ் தேர்ந்தெடுத்து ஆடும் பயிற்சிப் பகுதி இருந்தால், மூன்றாவதை மட்டும் தனியாக எடுத்துப் பத்து நிமிடம் ஆடுங்கள், பிறகு முழு சுற்று ஒன்று ஆடுங்கள், அப்புறம் நிறுத்திவிடுங்கள். களைப்போடு ஆடுவதில் ஒரு பயனும் இல்லை. நன்றாக ஆடுபவர்கள் பதிவு செய்து போட்டிருக்கும் காணொளிகளைப் பார்ப்பதும் தப்பில்லை, அதில் கைவேகத்தைப் பார்க்காமல் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். அவர்களில் பலர் உங்களைவிடக் குறைவாகத்தான் அசைவார்கள்.

இதில் ஒரு ஆழமான கிணறும் உண்டு, இப்போதைக்கு எட்டிப் பார்த்தால் போதும். சில கேம்கள் நீங்கள் ஆடும் விதத்தைப் பார்த்துத் தானாகக் கடினமாகும். 1996ல் வந்த பேட்டில் கரெக்கா இதற்குப் பெயர் போனது. அதிகமாகச் சுட்டால், அதிகமாகச் சக்தி எடுத்தால், எதிரிகளும் மூர்க்கமாவார்கள். ஒரு உயிர் போனால் அந்த மூர்க்கம் குறையும், அதனால் கைதேர்ந்தவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் வேண்டுமென்றே சாவார்கள். உங்கள் கேமின் விளக்கத்தில் ‘ரேங்க்’ என்று ஏதாவது இருந்தால், தேவையில்லாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தோட்டா நிறைந்ததும் ஆட்டம் மெதுவாகிறது, என் கணினி பழசா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது வேண்டுமென்றே வைத்தது. இந்த வகையின் பிறப்பிலேயே இந்தக் கதை இருக்கிறது. 1978ல் தோமோஹிரோ நிஷிகாடோ டைட்டோ நிறுவனத்துக்காக ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தபோது, எதிரிகள் சாகச் சாக மிச்சமிருப்பவர்கள் வேகமாக நகர்ந்தார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் செயலி வேகமாக ஓடியது, அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கேவ் காலத்தில் இதே விஷயம் தலைகீழாக நடந்தது: தோட்டா கூடியதும் ஆட்டம் மந்தமாகி, ஆடுபவருக்கு இடைவெளிகளைப் பார்க்க அவகாசம் கொடுத்தது. இயந்திரம் திணறியதால் வந்த இந்த இரண்டும் ரசிகர்களுக்குப் பிடித்துப்போக, இன்றைய கணினிக்கு இது ஒரு சுமையே இல்லை என்று தெரிந்தும் இண்டி ஆட்கள் அந்த மந்தத்தைக் கணக்குப் பார்த்து எழுதிச் சேர்க்கிறார்கள். அந்தச் சில நொடிகளை வீணாக்காமல் அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

உபகரணம். ஆர்கேட் ஸ்டிக் இப்போது வேண்டாம். ஸ்டிக் கைக்குப் பழகவே தனியாகக் காலம் பிடிக்கும், அது வரை இன்னும் மோசமாகத்தான் ஆடுவீர்கள். நல்ல நாலு திசை பட்டன் இருக்கும் கேம்பேட் போதும், கீபோர்டும் போதும். ஜப்பானில் ஸூன் என்ற ஒருவர் தனியாளாகச் செய்துவரும் தோஹோ என்ற தோட்டா மழைக் கேம் தொடரைப் பல வருடங்களாகக் கீபோர்டிலேயே வெளுத்து வாங்குகிறவர்கள் ஏராளம். ஆனால் கீபோர்டில் ஒரு சிக்கலைச் சோதித்துக்கொள்ளுங்கள். மலிவான கீபோர்டுகள் சில, மூன்று பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றாவதைக் கணக்கில் எடுக்காது. மேல் அம்பு, இடது அம்பு இரண்டையும் பிடித்துக்கொண்டு சுடும் பட்டனை அழுத்துங்கள், பிறகு மெதுவாக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். கப்பல் மூலைவாட்டில் போகாமல் நேராகப் போனாலோ சுடுவது நின்றாலோ, நீங்கள் செத்ததில் பாதி கீபோர்டின் வேலை. சுடும் பட்டனை வேறு எழுத்துக்கு மாற்றினாலே சில நேரம் சரியாகிவிடும். புதிதாக வாங்குவதென்றால் கோலாலம்பூர் வரும்போது லோ யாட் பிளாசாவில் வாங்கும் முன்னால் இதைச் சொருகிச் சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் திரை. ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ளும் நேரம், நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் கப்பல் நகர்வதற்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்தின் ஆயுள் சுமார் 16.7 மில்லிநொடி. டிவி நாலு படம் தாமதித்தால், ஒரு படத்துக்கு நாலு பிக்சல் நகரும் தோட்டா அதற்குள் 16 பிக்சல் நகர்ந்திருக்கும். சாகும் புள்ளியின் அளவோ சில பிக்சல். டிவியின் அமைப்பில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் சாதாரண கணினித் திரைக்கு மாறுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் நீங்கள் செய்யக்கூடியவற்றில் பலன் அதிகம்.

பிக்சல் படம் நகரும்போது நெளிகிறது என்றும் சொல்லியிருந்தீர்கள். 240 வரி உயரத்தில் வரைந்த படத்தை 1080 வரித் திரையில் முழுசாக நீட்டினால் நாலரை மடங்கு வரும். அரை என்பது பிக்சலில் இல்லை, அதனால் ஒரு வரி நாலாகவும் பக்கத்து வரி ஐந்தாகவும் விழும், கப்பல் நகரும்போது அதன் உருவம் நெளிவது தெரியும். அமைப்பில் முழு எண் மடங்கு என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டு, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு விழுந்தாலும் பரவாயில்லை என்று விடுங்கள். மேலிருந்து கீழ் ஓடும் கேம்களுக்குத் திரையை நிமிர்த்தி வைத்து ஆடும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். தாங்கியைத் திருப்ப முடியும் மானிட்டர் இருந்தால் ஒரு தடவை செய்து பாருங்கள், தோட்டாக்களுக்கு நடுவிலிருக்கும் சந்துகள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று அப்போது புரியும்.

அடுத்து எதை வாங்கலாம்? முதலில் காசே கொடுக்காமல் சோ ரென் ஷா 68கே எடுத்து ஆடுங்கள். ஷார்ப் நிறுவனத்தின் எக்ஸ்68000 கணினிக்காக 1995ல் செய்தது, பிற்பாடு விண்டோஸுக்கும் வந்தது. சக்தி எடுக்கும் முறையைப் பாருங்கள்: மூன்று பொருள்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டு இறங்கும், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் மறைந்துவிடும். ஆனால் எதையும் தொடாமல் அந்த வளையத்தின் நடுவிலேயே கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் மூன்றும் கிடைக்கும். சுற்றிலும் தோட்டா வரும்போது அந்தக் குட்டி வளையத்துக்குள் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் விளக்கம் எழுதாமலே இந்த வகையின் சாரத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அந்த யோசனை மேல் இருக்கும் மரியாதை குறையவில்லை. தோட்டாவைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டுமென்றால் கெந்தா சோ செய்த ஆர்ரூட்டேஜும் இலவசம்தான். ஸ்டேஜ் எதுவும் கிடையாது, பாஸ்கள் மட்டும், கோடும் வடிவமுமாக.

காசு கொடுத்து வாங்குவதில் உங்களுக்கு என் முதல் தேர்வு ஸீரோரேஞ்சர், காரணம் மேலே சொல்லிவிட்டேன். வீட்டில் தீபாவளிக்கு மாமா பிள்ளைகள் சித்தப்பா பிள்ளைகள் என்று கூட்டம் சேரும் என்றால் ஜேம்ஸ்டவுன் (2011) வாங்கி வையுங்கள், ஒரே திரையில் நாலு பேர் ஆடலாம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குடியேற்றத்தைச் செவ்வாய்க் கிரகத்தில் வைத்துக் கதை கட்டியிருக்கிறார்கள், பிரான்சிஸ்கோ செர்தாவின் இசை முழு வாத்தியக்குழு வாசிப்பது போலப் பிரமாண்டமாக இருக்கும். சேர்த்த தங்கம் நிறைந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் சில நொடி தோட்டாக்களை விழுங்கும் கவசம் வரும், அதை எப்போது போடுவது என்பதில்தான் புள்ளியும் உயிரும் இருக்கிறது. அந்தக் கேம் பிந்தைய ஸ்டேஜ்களைச் சும்மா திறந்து விடாது, முந்தையவற்றைக் கூடுதல் கடினத்தில் முடித்துவிட்டு வரச் சொல்லும். கொஞ்சம் கெடுபிடி என்று சிலர் குறைப்படுவதுண்டு, எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

கிரிம்ஸன் க்ளோவரை ஒரு வருடம் கழித்து வாங்குங்கள். கேவ் பாணியின் உச்சத்தைத் தொட்ட இண்டி அது, இப்போது வாங்கினால் வெடிச் சிதறலும் நட்சத்திரமும் மட்டும்தான் கண்ணில் படும். பெரிய பிக்சல் ஓவியங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஷிகடாக்கே தனியாக வரைந்து செய்து 2024ல் வெளியிட்ட டெவில் பிளேட் ரீபூட் இருக்கிறது. எதிரிக்கு எவ்வளவு பக்கத்தில் போய் அடிக்கிறீர்களோ அவ்வளவு புள்ளி என்பது அதன் விதி, அடியிலேயே ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை அது விரட்டிவிடும். எதையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் தள்ளுபடி அடிக்கடி வரும், விலையையும் ரிங்கிட்டிலேயே காட்டுகிறான்.

ஆனால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் கையில் இருக்கும் கேமுக்கே திரும்பிப் போங்கள். இந்த வாரம் கண்டினியூ அழுத்தாமல் ஆடுங்கள், செத்தால் சுற்று முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஸ்டேஜில் உங்களைக் கொல்லும் அந்த இடம் குறிபார்த்து வரும் தோட்டாவா, விசிறியா, இரண்டின் கலவையா என்று பார்த்துச் சொல்லுங்கள், முடிந்தால் அந்த அரை நிமிடத்தைப் பதிவு செய்து போடுங்கள். பார்த்துவிட்டு எங்கே நிற்கலாம் என்று சொல்கிறேன்.